அளவு ஜாக்கெட்

ஆவணி 12, வியாழன்

நாளை அண்ணன் கல்யாணம். பட்டு ஜாக்கெட்டில் ஒரு கொக்கிகூட மாட்டவில்லை. அளவுக்கு என்று ஒல்லித் தங்கச்சியின் ஜாக்கெட்டைக் கொடுத்திருந்தேன். அதற்குள் இளைத்துவிடுவேன் என்று நினைத்தேன். இளைக்கவில்லை.

திருக்கோகர்ணத்துக் கடையில் டெய்லர் அக்காவிடம் அம்மா கத்தினாள். "பட்டுத்துணியக் கெடுத்துட்டீங்களே! தைக்கத் தெரியாட்டி எதுக்குங்க வாங்குறீங்க?"

"பாப்பா குடுத்த அளவுதாங்க."

"நான் என் ஜாக்கெட்டத்தான் குடுத்தேன்" என்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். தையலைப் பிரித்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒன்னப் பாத்துட்டுத்தான் உள்ள துணி விட்டு வச்சேன்" என்றார்.

இப்போது போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருக்கிறது. இனி அவரிடம் தைக்கக் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.