சம்பந்தி ஆகும் முன்

ஆகஸ்ட் 17, ஞாயிறு
காலையிலிருந்து புழுக்கம். மகள் ரேவதியைப் பெண் பார்க்க வாணியம்பாடியிலிருந்து வந்தார்கள். கேசரியில் சர்க்கரை ஜாஸ்தி. பையன் அமைதி, ஷூ கம்பெனி வேலை. அம்மா இல்லாத பிள்ளை. கூட வந்த அப்பாவைப் பார்த்ததும் காபித் தட்டைக் கொழுந்தனாரிடம் நீட்டிவிட்டேன்.

தனசேகர். தலையெல்லாம் நரைத்து, என் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில்.

தரகர் பெயர் சொன்னபோதே விசாரித்திருக்கலாம். தனசேகர் என்று ஊருக்குப் பத்துப் பேர், இவராகவா இருக்கும் என்று விட்டேன். அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. ஒன்றும் தெரியாத கொழுந்தனார்தான் விடாமல் பேசினார்.

ஆகஸ்ட் 20, புதன்
லன்ச் பிரேக்கில் தனசேகர் போன். சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகப் போய் எடுத்தேன்.

"நான்தான். சாப்ட்டியா?"

வீட்டுக்காரர் தவறிய பிறகு இதைக் கேட்க ஆள் இல்லை. அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது.

தனசேகர் என்னைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு அப்பா கத்தியது: "தோல் ஷாப்புல தோலு ஊற வெக்கிறவனுக்குப் பொண்ணு கெடயாது. நாத்தம்!" இப்போது நானே வருஷக் கணக்கில் ஆம்பூரில் தோல்தான் தைக்கிறேன். அப்பா இருந்தால் என்னைப் பார்த்து மூக்கைப் பிடிப்பாரோ?

ஆகஸ்ட் 22, வெள்ளி
இன்று நானே போன் செய்தேன். வெட்கம் கெட்டவள். ஆனால் சந்தோஷமாக இருக்கிறது. பக்கத்து மெஷின் ஷமீம்: "இன்னாக்கா, மூஞ்சில பல்பு எரியுது?"

கேஸ் புக் செய்ய மறந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்
மழை. போனில் நேராகவே கேட்டுவிட்டார்.

"பசங்களுக்கு வேற எடம் பாக்கலாம். நாம கல்யாணம் பண்ணிக்கலாம். சம்பந்தி ஆய்ட்டா ஜென்மத்துக்கும் முடியாது. நீ சரின்னு சொல்லு, ஜாதகம் ஒத்து வரலன்னு நான் நிறுத்திட்றேன்."

வீட்டுக்கு வந்தால் ரேவதி போனில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பையன்தான்.

"எனக்கு அவரப் புடிச்சிருக்கும்மா. நக எவ்ளோன்னு கேக்கல. அம்மா தனியா இருப்பாங்களேன்னு கேட்டாரு."

தனியாக இருப்பேனாம். குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தேன். பெற்ற மகள் மேல் பொறாமைப்படுகிற தாய் உண்டா? இதோ இருக்கிறாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்
அவர் போன், நாலு தடவை. கடைசியில் எடுத்தேன்.

"நிறுத்தாதீங்க."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சா வேற மாதிரி சொல்லிடுவேன்."

வைத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை. மத்தியானம் முழுக்கத் தையல் கோணல், திட்டு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
தட்டு மாற்றினார்கள். எங்கள் தட்டு கொழுந்தனார் கையில். புருஷன் இல்லாதவள் முன்னால் வரக் கூடாதே, நான் சமையலறை வாசலில். தனசேகர் கை நீட்டவில்லை.

"பெத்தவங்க இருக்காங்க இல்ல? அவங்களே குடுக்கட்டும்."

யாரோ முணுமுணுத்தார்கள். ரேவதி என் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். வீட்டுக்காரர் போனதிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் நான் முன்னால் நின்றதில்லை. இன்று நின்றேன், இதற்கு. தட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது, "வர்றேங்க, சம்பந்தி."

"போய்ட்டு வாங்க, சம்பந்தி." சொல்ல வேண்டியிருந்தது.

பாத்திரம் கழுவும்போது ரேவதி தோளில் சாய்ந்தாள். "அம்மா, மாமா எவ்ளோ நல்லவரு, பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.