சும்மாதான் ஓடுறேன்

நவம்பர் 10, திங்கள்

அலுவலகத்தில் அஃபீஃபா தன் பெயரோடு என் பெயரையும் அரை மாரத்தானுக்குக் கொடுத்துவிட்டாள். பிப்ரவரியில், காரைக்கால் கடற்கரைச் சாலையில். அரைதானே என்று தலையாட்டினேன். இருபத்தொரு கிலோமீட்டராம். வரிச்சிக்குடியிலிருந்து காரைக்கால் போய், வீடு திரும்பி, மறுபடியும் காரைக்கால் போகிற தூரம். எனக்கு நாற்பத்தாறு வயது. கடைசியாக எப்போது ஓடினேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

நவம்பர் 12, புதன்

தண்ணீர் டேங்க் வரை ஓடினேன். திரும்பும்போது நடை.

இவரையும் கூப்பிட்டேன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடமாகிறது. தினமும் நடக்கத்தான் டாக்டர் சொன்னார். இவரோ நடந்தால் இதயம் நின்றுவிடும் என்று நம்புகிறார். வயலுக்குக்கூட வண்டியில் போய், ரோட்டிலிருந்தே பயிரைப் பார்த்துவிட்டு வருகிறார். மற்ற நேரம் நாற்காலியில் உட்கார்ந்து தன் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார்.

"நீ போய்ட்டு வா லேகா. ரெண்டு பேரும் விழுந்தா யாரு தூக்குறது?"

நவம்பர் 20, வியாழன்

நம் ஊரில் ஒரு பொம்பளை ஓடினால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். பக்கத்துத் தெரு தமிழ்ச்செல்வன் பைக்கை நிறுத்தினான்.

"அக்கா, அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மாதான் ஓடுறேன்."

நம்பவில்லை. வீட்டுக்கே போய் இவரைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறான். இவருக்கு நாள் முழுக்கப் படபடப்பு.

பின்னால் வந்த பஸ்ஸும் எனக்காக நின்றது. டிரைவர் பொறுமையாகக் காத்திருந்தார். மரியாதைக்கு ஏறி, அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன்.

டிசம்பர் 3, புதன்

மழை. ஓடவில்லை. வருத்தம் என்று எழுதினால் பொய்.

ஜனவரி 18, ஞாயிறு

கோட்டுச்சேரிமேடு வரை ஓடிவிட்டேன். கடலைப் பார்த்ததும் உட்கார்ந்து அழுதேன். ஏன்? நான் மட்டும் நன்றாக இருக்கிறேன் என்றா? கால் வலி என்றே வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்கு வந்தால் அதே நாற்காலி, அதே நாடி. கத்திவிட்டேன்— "செத்துடுவோம்னு பயந்து பயந்து இப்படியே ஒக்காந்திருக்கீங்களே, இதுக்கு என்னங்க பேரு?"

நாடியிலிருந்து கையை எடுத்தவர், மறுபடியும் அங்கேயே வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பந்தயம். இவர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். அஃபீஃபா முதல் திருப்பத்திலேயே மறைந்துபோனாள். முக்கால்வாசித் தூரம் ஓடினேன். அப்புறம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும். ரோட்டோரம் உட்கார்ந்து இவருக்குப் போன் போட்டேன்.

"வண்டிய எடுத்துட்டு வாங்க."

ரொம்ப நேரம் கழித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் நடந்து வருவது தெரிந்தது. இவர்தான்! வேர்த்து ஊற்றுகிறது. எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது.

"போலீஸ்காரன் வண்டிய விடமாட்டேன்னுட்டான்."

"எவ்வளவு தூரங்க நடந்தீங்க?"

"கேக்காதே. நெனச்சா பயமா இருக்கு."

ஆம்புலன்ஸ்காரர் இறங்கி வந்து, எங்களில் யாரை ஏற்றுவது என்று மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும் வேணாம் தம்பி. நாங்க நடந்துடுவோம்" என்றார் இவர்.

நடந்தோம். நான் நொண்டியதால் இவர் எனக்காக நின்று நின்று வந்தார். பந்தயம் முடிகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மெடலையெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது.

பிப்ரவரி 19, வியாழன்

விடிகாலையில் விழித்தால் பக்கத்தில் இவர் இல்லை. பதறி எழுந்தேன். கொல்லையில் இல்லை. வண்டி வாசலில் நிற்கிறது. செருப்பைக் காணோம்.

திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.