சிவப்புக் காருக்குச் செம்பா, அலுமினியமா?

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், சிவப்புக் காரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் அப்பாவும் உன் மாமனாரும் போனில் தனித்தனியாக உன்னிடம் புலம்பியது எனக்குத் தெரியும். நடந்ததை நானும் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் பேச ஆரம்பித்தாலே உன் அப்பா பக்கத்து அறையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறார். அதனால்தான் கடிதம். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, அவர் அப்பா வருகிற இடத்தில் அவர் சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ரிட்டயர் ஆனதும் நான் அந்தப் பழைய சிவப்பு ரேஸ் காரை வாங்கியது ஏன் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் டிரைவிங் ஸ்கூலில் அடுத்தவர் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இன்னொரு பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே காலம் தள்ளியவள் நான். ஒரு தடவையாவது பக்கத்தில் யாரும் இல்லாமல் ஒரு மலைப்பாதையை முழு வேகத்தில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கார் கிளப்காரர்கள் நடத்தும் மலைப்பாதைப் போட்டிக்குப் பெயரும் கொடுத்துவிட்டேன். முதல் பயிற்சி ஓட்டத்திலேயே பாதி மலையில் ரேடியேட்டர் வாயைப் பிளந்துவிட்டது. ஒரே ஆவி. உன் அப்பா வண்டி தீப்பிடித்ததாக நினைத்து ஒரு குடையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார், எதற்குக் குடை என்று கேட்டதும் அதை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். நம் மெக்கானிக் பெண் குனிந்து பார்த்துவிட்டு, "இனி இதை ஒட்டிப் பிரயோஜனம் இல்லம்மா, புதுசு போட்டுடலாம், செம்பா அலுமினியமான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான், இரண்டு குடும்பமும் இரண்டு கட்சியாகிவிட்டது.

உன் அப்பா பார்சல் ஆபீசில் தராசோடு தராசாக இருந்தவர் இல்லையா, அவருக்கு எதையும் எடை போட்டுத்தான் பார்க்கத் தெரியும். அலுமினியம் லேசு, வண்டியின் மூக்கில் பாரம் குறைந்தால் வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும், அதோடு குழாயை அகலமாக வைக்கலாம், சூடும் நன்றாக இறங்கும் என்பது அவர் வாதம். உன் மாமனார் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்தே மாப்பிள்ளையை வளர்த்தவர், செம்புக் குழாயைக் குழந்தை மாதிரி தடவுகிற மனிதர். சூட்டை வாங்கி வெளியே தள்ளுவதில் செம்பை மிஞ்ச முடியாது, ஓட்டை விழுந்தாலும் நின்ற இடத்தில் ஈயம் வைத்து ஒட்டலாம், அலுமினியத்தை எல்லோராலும் ஒட்ட முடியுமா என்பது அவர் வாதம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் வம்பு. ஆளுக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து சோபாவில் சாத்தி வைத்தார்கள், வந்தவர்கள் உட்கார இடமில்லை. வாய் முற்றிப்போய் உன் அப்பா "இது காரு சம்பந்தி, பாத்திரக்கடை இல்ல" என்று சொல்லிவிட, அவர் பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் உன் மாமியார் போன் செய்து, "இனி உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாராம், ஆனா நாளைக்குக் காலைல வந்து செம்பை மாட்டுறாராம்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஆனாலும் போனை வைத்ததும் எனக்குக் கவலை வந்துவிட்டது. ஒரு உலோகத் தகட்டுக்காக அங்கே உனக்கும் மாப்பிள்ளைக்கும் முகம் சுருங்கிவிடக் கூடாதே என்று.

கடைசியில் காசைச் சுண்டிப் போட்டோம், செம்பு ஜெயித்தது. மாட்டிக்கொண்டு மலைக்குப் போனோம். சூடு காட்டும் முள் இடத்தைவிட்டு அசையவில்லை, உன் மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் மேல் வளைவில் வண்டி திரும்பாமல் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. பாரத்தாலா, என் வேகத்தாலா என்று சத்தியமாகத் தெரியாது. எப்போதும் "சம்பந்தியம்மா, வாங்க" என்று அளந்து பேசுகிற மனுஷர் தடுப்புக்குப் பின்னாலிருந்து "ஏ அக்கா, வேணாம்க்கா!" என்று கத்தினாரே பார், அந்தக் குரலில்தான் எனக்கே பயம் வந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது முன்னால் போன லாரியிலிருந்து கல் தெறித்து ரேடியேட்டரில் ஒரு குழாய் ஒழுக ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, உன் மாமனார் தன் பையிலிருந்த, ஈயம் உருக்கும் சின்ன கேஸ் விளக்கை வைத்து அங்கேயே ஒட்டிவிட்டார். காற்றில் தீ அணையாமல் உன் அப்பா குடை பிடித்தார். ஒட்டி முடிகிற வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது உன் அப்பா, "அவர் சொன்னதுதான் சரி. நடுவழியில உன்னைத் தனியா நிக்கவிடாத பொருள் அதுதான், செம்பே இருக்கட்டும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் உன் மாமனார், நேரே சோபாவுக்குப் போய் அலுமினியத்தைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அந்த வளைவு கண்ணுலயே நிக்குது. கனமே வேணாம்க்கா, இதையே மாட்டிடலாம்" என்றார். பிறகு என்ன, மறுபடியும் சண்டை. இவர் வாதத்தை அவரும் அவர் வாதத்தை இவரும் வார்த்தை பிசகாமல் சொல்லிச் சண்டை போட்டார்கள். நான் டிரைவிங் ஸ்கூல் குரலை எடுத்தேன். "வண்டிய ஓட்டப் போறது யாரு? இத்தனை நாள்ல ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?" என்றேன். இரண்டு பேரும் ஹோம்வொர்க் எழுதாத பையன்கள் மாதிரி நின்றார்கள்.

நான் சொன்னது இவ்வளவுதான். போட்டி என்பது சட்டென்று முடிகிற ஏற்றம், ரிப்பேர் பார்க்க மெக்கானிக் பெண் பக்கத்திலேயே இருப்பாள், அதற்கு லேசானது போதும், அலுமினியம். போட்டி முடிந்ததும் செம்பை மாட்டிக்கொண்டு நாம் நாலு பேரும் தூரப் பயணம் போவோம், வழியில் ஒழுகினால் ஒட்ட ஆள் கூடவே வருகிறார். அந்தப் பின் சீட்டில் யார் மடங்கி உட்காருவது என்று உன் மாமியார் கேட்டார், அதை இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.

போட்டியன்று ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்பியது மகளே. பக்கத்து சீட் காலி. ஜன்னலில் மரமெல்லாம் கோடாக ஓடியது, நான் என்னையறியாமல் சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறேன், மேலே கொடி காட்டுகிறவர் சொல்லித்தான் தெரிந்தது. முதல் பரிசெல்லாம் இல்லை, நடுவில் ஏதோ ஒரு இடம். கீழே இறங்கி வந்ததும் என்னைவிடப் பின்தங்கிய ஒரு தம்பி போனட்டுக்குள் எட்டிப் பார்த்து, எந்த ரேடியேட்டர் நல்லது என்று உன் அப்பாவையும் மாமனாரையும் கேட்டான். இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், மூடிக்கொண்டார்கள். "அவங்களைக் கேளுங்க தம்பி, ஓட்டினது அவங்கதான்" என்றார் உன் மாமனார். நான் ஆரம்பித்தேன், பரிசு கொடுத்து முடித்துக் கூட்டம் கலைகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக, மனக்குறை இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். உன் வண்டியில் தண்ணீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றாதே, கூலன்ட் ஊற்று. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதே, மாப்பிள்ளையையும் திறக்க விடாதே. பதில் எழுது, போன் வேண்டாம், காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா