இருவர் ஊற்றிய ஆயில்

மழை விட்ட சாயங்காலம். மாட்டுங்கா பூக்கடைகளுக்கு எதிரே டாக்சியின் பானெட்டைத் திறந்தேன். சூடான ஆயில் வாசனையும் மல்லிகை வாசனையும் சேர்ந்து வந்ததும், நீர் என் பக்கத்தில் வந்து நிற்பதாகவே தோன்றியது வே. நான் திரும்பவில்லை. பார்த்தால் போய்விடுவீர்.

பகலில் நீர், இரவில் நான், ஒரே வண்டி. ஆரம்பத்தில் சாவியை வாங்கிக்கொள்வதோடு நம் பழக்கம் முடிந்தது. நீர் பின்னால் தள்ளிவைத்த சீட்டை, உம் நெட்டைக் கால்களைத் திட்டிக்கொண்டே முன்னால் இழுப்பேன்.

அந்த வருஷம் வண்டி நீலப்புகை கக்க ஆரம்பித்தது. எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது, இனிமேல் காயலான் கடைதான் என்றார் வண்டிக்குச் சொந்தக்காரரான சேட். வேறு பிழைப்பு தேடித் தாராவியில் ஆளுக்கொரு சந்தாக அலைந்தோம். கடைசி முயற்சியாகத் தேவ்நாரில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். அதிலிருந்த மேல் அளவுக்கோட்டையும் தாண்டி ஆயில் நின்றது.

"நீரும் ஊத்தினீரா வே?" என்று கேட்டேன்.

"பழைய வண்டி, ராத்திரி வழியில நீரு நின்னுறக் கூடாதுல்லா. அதான் வண்டிய ஒம்மகிட்ட விடும்போது ஒரு வாய் ஊத்திட்டுப் போவேன்."

விடிந்ததும் நான் உமக்காகச் செய்ததும் அதேதான், அளவுகூடப் பார்க்காமல். ஆயில் மிஞ்சினாலும் எஞ்சின் அதை எரித்துப் புகையாக்கும் என்று மெக்கானிக் சிரித்தார். மிச்சத்தை இறக்கியதும் புகை நின்றது. நம் பிழைப்பும் தப்பியது.

"இனி ரெண்டு பேரும் சேந்துதான் பாக்கணும் வே" என்றீர். அன்றிலிருந்து எஞ்சினை அணைத்து, ஆயில் கீழே இறங்கும்வரை சேர்ந்து நிற்போம். கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்போம். கெடு தவறாமல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். அந்தக் காத்திருப்பில், ஈர ரோட்டில் விளக்குகள் மிதக்க, உம் மகளின் கல்யாணம், என் முழங்கால், செம்பூரில் நீர் வாங்கப்போகும் வீடு என்று என்னவெல்லாம் பேசினோம். அந்த வீட்டில் எந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுகூட எனக்குத் தெரியும். அதை வாங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்.

இப்போது பகலில் ஓட்டுபவர் நல்ல மனிதர். "ஆயில் தேக் லேனா பாய்" என்று, ஆயிலை என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு டோம்பிவிலி லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுவார். நான் தனியாக நின்று காத்திருப்பேன்.

இன்றும் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நான் ஊற்றிய அளவில் சரியாக நிற்கிறது. எஞ்சினுக்கு அதுதான் நல்லது. ஆனாலும் வே, ஒரு நாளாவது கோட்டுக்கு மேலே ஏறி நிற்காதா என்றுதான் தினமும் கம்பியை உருவுகிறேன்.