மூலைக்காரிக்கு மார்க்

12.10.2010, செவ்வாய்

காலையில் லோடு ஆட்டோவோடு கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கழிப்பறைக்குப் பின்னால் ஒரு பெட்டை நாய் கிடக்கிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்று காப்பகத்துக்கு யாரோ போன் பண்ணியிருந்தார்கள். செம்பட்டை நிறம். பின்னங்காலில் தோல் வழண்ட காயம். வலையே வேண்டியிருக்கவில்லை. தூக்கினேன், தவிட்டு மூட்டை மாதிரி வந்தது. கல்யாணமான புதிதில்கூட என்னிடம் யாரும் இவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

என் பெண்டாட்டி கலைமணி இருந்தால் இதற்கு மண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பாள். இந்த ஆவணியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

காப்பகத்தில் வண்டி ஓட்டத்தான் சேர்ந்தேன். நாய்கள் என்னைப் பார்த்துக் குறைவாகக் குரைக்கின்றன என்று நடத்துகிற ஜெயராணி மேடம் கண்டுபிடித்து, பரீட்சை வைக்கும் வேலையையும் என் தலையில் கட்டினார். எந்த நாய் எந்த வீட்டுக்குத் தோதுப்படும் என்று பார்த்து மார்க் போட வேண்டும். பத்தாவதில் கணக்கில் கோட்டடித்தவன் மார்க் போடுகிறேன்!

புது நாய் கூண்டின் மூலைக்குப் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. அப்படியே இருக்கிறது. மூலைக்காரி என்று பெயர் வைத்தாகிவிட்டது.

13.10.2010

பரீட்சை. நம் ஊரில் நாயிடம் மட்டும் எல்லோரும் இங்கிலீஷ்தான். நானும் "கம், சிட், கோ" என்று எனக்குத் தெரிந்த மொத்த இங்கிலீஷையும் செலவழித்தேன். திரும்பவில்லை. தமிழில் கூப்பிட்டேன். ம்ஹூம். குடையை விரித்தேன், தட்டைத் தரையில் போட்டேன், வாலைப் பிடித்தேன், காதுக்குள் விரலை விட்டேன். ஒன்றுமில்லை. சோற்றுத் தட்டை முகத்தின் முன்னிருந்து இழுத்தேன். எடுத்துக்கோ என்கிற மாதிரி இருந்தது.

"மிகவும் சாது" என்று எழுதினேன்.

16.10.2010, சனி

டாக்டர் ஞானசேகரன் சனிக்கிழமைகளில் சிதம்பரத்திலிருந்து வருகிறார். மூலைக்காரியைப் பார்த்தார். ரத்தம் கம்மி, குடலில் பூச்சி, கால் காயம் ஆறிவிடும். வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டது. கருத்தடைக்கு மயக்க ஊசி போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு நான் எழுதியதைப் படித்தார்.

"கொளஞ்சி, இன்னாய்யா இது, மிகவும் சாது?"

"ஒண்ணுமே பண்ணல சார்."

"ஒண்ணுமே பண்ணலன்னா ஒண்ணுமே பண்ணலன்னு எழுது. இது சாது இல்ல. பயத்துல ஒறைஞ்சி போயிருக்குது. உள்ள யாரு இருக்கான்னு வெளிய வந்தாதான் தெரியும். அதுவரைக்கும் புள்ளைங்க இருக்கற வூட்டுக்குக் குடுத்துடாத."

அடித்துவிட்டு "பதில் இல்லை" என்று எழுதினேன்.

17.10.2010, ஞாயிறு

கனிமொழி போன். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசும்.

"சாப்புட்டியாப்பா?"

"என்ன நம்பித்தாம்மா ஓட்டல்காரன் ரெண்டாவது மாடி கட்றான்."

சிரிக்கவில்லை. "வேற?" என்றது. வேற ஒன்றும் இல்லை என்றேன். நிஜமாகவே வேற ஒன்றும் இல்லை.

தெருவில் என்னைப் பற்றி நல்ல பேர். "மனுசன் நல்லா தேத்திக்கிட்டாரு." காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்து வடை கேட்டு வாங்கித் தின்றவன் நான். உப்பு கொஞ்சம் கம்மி என்றுகூடச் சொன்னேன்.

20.10.2010

மூலையில்தான்.

24.10.2010, ஞாயிறு

இன்று ஒரு கூத்து. சிதம்பரத்திலிருந்து தட்சிணாமூர்த்தி என்று ஒருவர் வந்தார். நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். மாதப் பூசத்துக்கு வடலூர் போகிறவர். வீட்டுக்குள் முட்டைகூட நுழையக் கூடாது. கொல்லைப்பக்கம் திருட்டு ஜாஸ்தியாம், நாய் வேண்டும்.

அது சாப்பாட்டு நேரம். எல்லாக் கூண்டிலும் மீன் தலை போட்டு வேகவைத்த சோறு. மற்றவை கூண்டை உடைக்கின்றன. மூலைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்சிணாமூர்த்தி நின்றுவிட்டார். டிபன் கேரியரைத் திறந்து ஒரு உருண்டை தயிர் சோற்றை நீட்டினார். மெதுவாக, நாக்கு நுனியால், நக்கினாள்.

"பாத்தீங்களா! ஜீவன் சைவம்!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குன்னே வந்திருக்குது சார் இது."

வீட்டில் யார் யார் என்று கேட்டேன். மனைவி ராசம்மாள், அவர், நாலு வயதுப் பேத்தி. பேத்தி என்றதும் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "இதுவா கடிக்கும்? பசுமாடு சார் இது," என்றார். ஜெயராணி மேடத்துக்கு ஒரே சந்தோஷம். கருத்தடை முடிந்து தையல் ஆறியதும் அழைத்துப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

சரி, வீடு கிடைத்தது. வீடு கிடைக்காத நாயை, தையல் ஆறினதும் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும், சட்டம் அப்படி. இவளை பஸ் ஸ்டாண்டில் விட்டால் ரிவர்ஸ் வருகிற முதல் பஸ்ஸுக்குக்கூட நகர மாட்டாள்.

30.10.2010, சனி

கருத்தடை ஆனது. மயக்கத்தில் வாயைத் திறந்து பார்த்த டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்து, அடியில் சீழ். யாரோ கல்லாலோ கட்டையாலோ வாயில் அடித்திருக்கிறார்கள். பிடுங்கிப் போட்டார்.

"மீன் முள்ளு பட்டா உசுரு போயிருக்கும். அதான் தின்னல," என்றார்.

சைவமாம்!

5.11.2010, வெள்ளி. தீபாவளி

எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை. கனி வரவில்லை, பரீட்சை என்றது. நானும் வா என்று சொல்லவில்லை.

காப்பகத்தில் இருந்தேன். வெளியே வெடி. நாய்கள் எல்லாம் நடுங்கி ஊளையிட்டன. மூலைக்காரிக்குக் காதுகூட அசையவில்லை. காவலுக்கு இருந்த பழனிவேலு, "தைரியமான நாய்ண்ணே," என்றான்.

அவளுக்குப் பக்கத்தில் நானும் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். சுவரில் ஒன்றும் இல்லை.

9.11.2010, செவ்வாய்

மழை. சோறு வைத்தேன். மூலைக்காரி எழுந்தாள். தானாக. மத்தி மீன் தலை ஒன்றைத் தேடி எடுத்து, நல்ல பல் இருக்கிற பக்கமாக ஒதுக்கி மென்றாள். அடுத்ததையும். நான் வழக்கம்போலத் தட்டை இழுத்தேன்.

உறுமினாள். தொண்டைக்குள்ளிருந்து, பல் தெரிய. கையை வெடுக்கென்று எடுத்தேன். நகத்தில் எச்சில் மட்டும் பட்டது.

பரீட்சையில் இது ஃபெயில். நான் என்னவோ பேரன் பாஸான மாதிரி ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன்.

மேடம் தலையில் கை வைத்தார். "சாமி, தட்சிணாமூர்த்திகிட்ட சொல்லித் தொலைக்காதீங்க. அங்க போனா தயிர் சோறு பழகிக்கும்."

"அந்த நாலு வயசுப் புள்ள, மேடம்? தட்டுல கை வச்சா?"

அவருக்கும் தெரியும்.

10.11.2010

ஓட்டலில் தின்கிறேன். ருசி தெரியவில்லை. நாய்க்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

13.11.2010, சனி

சிதம்பரம் போய் தட்சிணாமூர்த்தி வீட்டில் சொல்லிவிட்டேன். கொல்லையில் ஏற்கெனவே கொட்டகை போட்டு, மண் சட்டி வைத்து, சட்டிக்கு மஞ்சள் குங்குமம் வேறு. பேத்தி அந்தச் சட்டிக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது.

பல் விஷயம், மீன் தலை, உறுமல் எல்லாம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "நாலு மாசம் தயிர் சோறா போட்டா மனசு மாறாதா சார்?"

ராசம்மாள் அடுக்களையிலிருந்தே பேசினார். "அது மீனு தின்னா தின்னுட்டுப் போவுது, அத நான் பாத்துக்குவேன். உறுமுச்சின்னு சொல்றாரு, காதுல வுழுவுதா? கொழந்த அந்த சட்டிய வுட்டு எறங்காது. வேணாம்." அப்புறம் வெளியே வந்து எனக்கு மோர் கொடுத்தார். "வந்து சொன்னீங்களே, நல்லாருங்க."

நல்ல காரியம்தான். நாய்க்கு வீடு போச்சு.

சாயந்தரம் டாக்டரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். அதற்கு மேல் முடியாது, கூண்டு வேண்டும் என்றார்.

14.11.2010, ஞாயிறு

கனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சைவ நாய், மஞ்சள் குங்குமச் சட்டி எல்லாம் வேடிக்கையாக. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடுவோம், டிக்கெட் எடுத்து எங்கேயாவது போய்க்கொள்ளட்டும் என்றேன்.

"சிரிக்காம சொல்லேம்ப்பா ஒரு தடவ," என்றது.

"என்னத்த?"

"எதயாச்சும். அம்மா செத்ததயும் இப்புடித்தான் சொன்ன. கெளம்பி வாம்மா, அவசரமில்ல, இனிமே எப்ப வந்தாலும் ஒண்ணுதான்னு. நான் பஸ்ஸுல வரும்போது அது எதுக்கு சொன்னன்னு தெரியாமயே வந்தேன்."

வைத்துவிட்டது. அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பேன். என் வாய்தான் அது.

20.11.2010, சனி

விடுகிற நாள். மூலைக்காரியை ஆட்டோவில் ஏற்றினேன். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நாளைக்கு மீன் தலை வாங்க வேண்டுமே, முதலில் அதை முடிப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முதுநகர் போனேன். மீன் தலையை நாளைக்கு வாங்கினால் ஆகாதா? ஆகும்.

சின்னம்மாள் அங்கே கருவாடு காயப்போடுகிறவள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மாமா, பொண்ணு பாக்க கூட்டிம்போறியா?"

"தெருவுல வுடப் போறேன். சாப்பாட்டுல கை வச்சா உறுமுது. எவனும் எடுக்க மாட்டான்."

"எங்க, உறுமச் சொல்லு பாப்பம்." ஒரு மீன் தலையை வண்டிக்குள் போட்டுவிட்டு அதை எடுக்கிற மாதிரி கையை நீட்டினாள். மூலைக்காரி பல்லைக் காட்டினாள். சின்னம்மாள் கையை எடுக்காமல், "அடிங்க! யாருகிட்ட?" என்று இவளும் பல்லைக் காட்டினாள். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் சின்னம்மாள்தான் சிரித்தாள்.

"எறக்கு மாமா. காக்காவும் பூனையும் பாதி களத்த தின்னுட்டுப் போவுது."

"இதுவே தின்னுடும்."

"வயிறு இன்னா, அண்டாவா? தின்னட்டும்."

மார்க் போடுகிறவன் ஆயிற்றே, கேட்க வேண்டியதைக் கேட்டேன். குழந்தைகள் வருமா? "இந்த நாத்தத்துக்கு என் பேரனே வரமாட்டேங்கறான்." தனியாக இருக்குமா? "நான் வூட்டுக்குப் போனாதான தனியா?"

இறக்கிவிட்டேன். வலைக்கு அடியில் போய் ஒளிந்தாள். போச்சு, மறுபடி மூலை என்று நினைத்தேன். ஒரு காக்காய் கருவாட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. வலைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம், கரகரவென்று, தகரத்தை இழுத்த மாதிரி. அவள் குரைத்து நான் கேட்டதே இல்லை.

மேடத்திடம் சொன்னேன். "கருவாட்டுக் களத்துக்கா குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

21.11.2010, ஞாயிறு

கனி பேசவில்லை. நானும்.

24.11.2010

மூலை காலி. வேறு நாய் வந்துவிட்டது, நன்றாகக் குரைக்கிறது. வேலை சுலபம்.

2.12.2010, வியாழன்

காப்பகத்தில் இன்று வேலை இல்லை, வெளி வாடகைக்கு முதுநகருக்கு ஐஸ் லோடு. களத்தை ஒட்டித்தான் வழி. என் ஆட்டோ சத்தம் கேட்டதும் மூலைக்காரி பாய்ந்து வந்தாள். வாலாட்டத்தான் என்று நினைத்து வண்டியை மெதுவாக்கினேன். இறங்க விடவில்லை. சக்கரத்தைக் கடிக்க வருகிறாள். உடம்பு தேறி, முதுகு பளபளவென்று இருக்கிறாள்.

"சோறு போட்ட ஆள தெரியல பாரு இதுக்கு," என்றேன்.

சின்னம்மாள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "தெரிஞ்சிதான் கொலைக்குது மாமா. மறுபடி ஏத்திக்கினு பூடுவன்னு."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். லோடை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவன் கெடிலம் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினேன். ஏன் என்று தெரியவில்லை. போனை எடுத்து கனிக்குப் போட்டேன்.

"அப்பா? வியாழக்கெழம பண்ற? யாருக்கு இன்னாச்சி?"

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. ஒங்கம்மாவ நெனச்சிக்கிட்டேன்."

அதற்கு மேல் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. வேறு என்னென்னவோ சத்தம்தான் வந்தது. பாலத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வைக்காதப்பா," என்றது கனி. அதற்கும் குரல் சரியில்லை. "பேசாட்டி போவுது. அப்புடியே இரு."

இருந்தேன்.