நான் செத்துப்போனதாக நீ எழுதிய பாட்டு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
14.8.1968

சிரஞ்சீவி கந்தனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம், முக்கியமாக நான் சுகம், சிங்கப்பூரில் உன் சுகத்துக்குக் காமாட்சி துணை. முக்கியமாக நான் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு எழவு விழுந்தது, எல்லாம் உன்னால்தான்.

தெருவில் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். ஐயம்பேட்டையிலிருந்து என் அண்ணன், உன் கலியன் மாமா, மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். உன் அக்கா கல்யாணத்தில் தாம்பூலத் தட்டை முதலில் தனக்கு நீட்டவில்லை என்று ஒன்பது வருஷமாக நம் வாசல் மிதிக்காத மனுஷன். பாதி முகம்தான் சவரம் ஆகியிருந்தது, தோளில் பிணத்துக்குப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை. கஞ்சிக் கையோடு நின்ற என்னைத் தாண்டிக்கொண்டு, எல்லம்மா, சொல்லாம கொள்ளாம பூட்டியேம்மா என்று வீட்டுக்குள் போய்த் தேடுகிறார். நான் பின்னாலேயே போய், யாருண்ணா பூட்டது, இரு நானும் வரேன் என்றேன். திரும்பிப் பார்த்தவர் தறிக்குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விசாரித்தால், சவரக்கடையில் யாரோ வாரப் பத்திரிகையை உரக்கப் படித்திருக்கிறார்கள். உன் பெயரும் ஊரும் போட்டு, அம்மா செத்த சேதி வந்தும் போகமுடியாமல் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன் என்று நீ அழுத பாட்டு. அச்சில் வந்தால் நடந்ததுதான் என்று அண்ணனுக்கு நினைப்பு. உன் அப்பா, பட்டு நெய்யிற வூட்டுக்கு நூல் சேலை எடுத்துக்கினு வந்தீங்களே மச்சான், செத்தாலும் அவ கட்டமாட்டாளே என்றார். அண்ணன் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். துக்கத்துக்கு வந்த சேலையைக் கட்டக்கூடாது என்று பக்கத்து வீட்டுக் காந்தா தடுத்தாள். ஒன்பது பொங்கலாக வராத வரிசை இது என்று சொல்லி அப்போதே கட்டிக்கொண்டேன். கோழி அடித்தோம். அண்ணனுக்கு மீதி முகத்தை உன் அப்பாதான் சிரைத்துவிட்டார்.

சாயங்காலம் காந்தா அந்தப் பத்திரிகையை வாங்கிவந்து பாட்டைப் படித்துக் காட்டினாள். என் சாவுக்கு நானே அழுதேன்பா, அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாய். உன்னோடு வேலை செய்யும் முனுசாமி, தாய் செத்தும் ஊருக்குப் போகமுடியாமல் அழுதான் என்று வைகாசியில் எழுதியிருந்தாயே, அவன் அழுகைதான் இது என்று புரிந்துகொண்டேன். வாயில்லாத பிள்ளைக்காக நீ அழுதது சரிதான், பாட்டில் என்னை எத்தனை தரம் வேண்டுமானாலும் சாகடி. ஆனால் நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. கடிதத்துக்குக் கடிதம் அடுத்த தை, அடுத்த தை என்கிறாய். அந்தப் பாட்டு நம் வீட்டில் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது கந்தா.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக்கொள், ஈர மூட்டையைத் தலையில் வைக்காதே. முனுசாமியையும் கூட உட்காரவைத்துச் சாப்பிடச் சொல். இந்தத் தைக்குக் கட்டாயம் லீவு கேள். உன் மாமா ஒன்பது வருஷம் கழித்துக் கோடிச் சேலையோடு ஓடிவந்தும் தங்கை எதிரே நின்று பேசினாள். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

நூறு வயசு நன்றாக இரு.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் அம்மா,
எல்லம்மாள்