கோட்டுக்குள் நிற்காத பெயர்

என் வீட்டு எஜமானி அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் கல் மாதிரி இருக்கிறேன். இது யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, இங்கே கல்லூரிப் பிள்ளைகளிடம் எழுத்துக் கற்றுக்கொண்டு நானே எழுதுவது. கல்யாணமான நாளிலிருந்து உன் அஞ்சாங்கிளாஸ் பெருமையைப் பேசினாயே, இனி பேசிப் பார்!

இந்த வயசில் படிப்பு எதற்கென்று மகன் என்னைக் கூட்டிப்போக வருகிறானாம். வேண்டாம் என்று சொல்.

நான் கூட்டிப் பெருக்கும் கல்லூரியில் மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு முதல் பாடமே இரண்டு கோடு போட்டு நடுவில் எழுத்து எழுதுவதுதான். மெஷினை வரைகிறவனுக்கு எழுத்தும் அளவாக வரவேண்டுமாம். வேலை முடிந்ததும் நானும் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேற்பார்வையாளர் வந்தார்.

"பெரியவரே, எழுந்திருங்க. இது படிக்கிறவங்க இடம்."

"நானும் படிக்கத்தான் உட்கார்ந்திருக்கேன். எழுந்திருக்க மாட்டேன்."

சண்டையெல்லாம் இல்லை, பயப்படாதே. பாடம் நடத்தும் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"உட்கார்ந்தா எல்லாரையும் போல ஷீட் வரைஞ்சு கொடுக்கணும், சம்மதமா?"

கொடுத்தேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். நான் தமிழில் உன் பெயரைப் பக்கம் முழுக்க எழுதினேன். சிவப்பு மையோடு திரும்பி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'சுழியும் வாலும் கோட்டைத் தாண்டுகின்றன. மறுபடி எழுதவும்.' நீ என்றைக்குக் கோட்டுக்குள் நின்றாய்! பக்கத்துப் பையனுக்கும் அதே சிவப்பு மைதான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. பதிலை மகனிடம் சொல்லி எழுதாதே. உன் கையால், பெரிய எழுத்தாக, நிறைய எழுது. சாயங்காலம் அறையில் படிக்க வேறொன்றும் இல்லை.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன். மகன் காரணம் கேட்டால், அப்பாவின் ஷீட் திரும்பி வந்துவிட்டது, எழுதிக் கொடுக்காமல் வர முடியாதென்று சொல்.

உன் கிழவன்